மழையைச் சரிபார்க்கக் கிளம்பியவனுக்கு

மாப்ளே,

மகள் வீட்டு மேசை மேல் ஒரு ஜோடி காலுறை கிடக்கிறது. முழங்கால் வரை நீளம், கித்தான் மாதிரி நெருக்கமான துணி, மேல்முனையில் இழுத்துக் கட்ட நாடா. கூரியரில் வந்தது. அட்டை ஏறாமல் இருப்பதற்காம். மகளும் மருமகனும் அடுத்த மாதம் மேற்கு மலையில் ஒரு தேசியப் பூங்காவுக்குள் மழைக்காட்டில் நடக்கப் போகிறார்கள். நானும் வர வேண்டுமாம். "சும்மா ரெண்டு கிலோமீட்டர்தான் அத்தா" என்கிறாள். எழுபத்தெட்டு வயதுக்காரனிடம் எல்லாரும் எல்லாவற்றையும் சும்மா என்றுதான் சொல்கிறார்கள்.

நீ இருந்திருந்தால் அந்தக் காலுறையை உள்வெளியாகத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடைசியில் விற்றவன் மேல் சந்தேகப்பட்டிருப்பாய். அட்டையைப் பற்றி உனக்கு யாரும் சொல்லித்தர முடியாது. நடவு வயலில் நின்ற காலில் நாளைக்கு நாலு அட்டை பிடுங்கி எறிந்தவன் நீ. மழைக்காட்டு அட்டை தண்ணீரில் இருக்காது, இலை நுனியில் உட்கார்ந்திருக்கும் என்று நான் ஒரு புத்தகத்தைப் பார்த்துச் சொன்னபோது நீ கேட்டாய்: "தண்ணியில்லாத எடத்துல அதுக்கென்ன வேல? எழுதினவன் போய்ப் பாத்தானா?"

பாத்தானா என்பதுதான் உன் வாழ்நாள் கேள்வி. நம் பயணத் திட்டமே அதிலிருந்துதான் முளைத்தது.

அந்த வருஷம் மேட்டூர் திறக்கவில்லை. ஆனி போய் ஆடி வந்தது. பதினெட்டாம் பெருக்குக்குப் பெண்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி அதில் மஞ்சள் கரைத்தார்கள். திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் என் பேப்பர் கடையின் பெஞ்சில் உட்கார்ந்து நீ தினமும் ஓசியில் பேப்பர் படித்தாய். மலையில் மழை இல்லை என்று மேலே கன்னட நாட்டில் இருப்பவர்கள் சொன்னார்கள். இருக்கிறது, மறைக்கிறார்கள் என்று நம்முடைய ஆட்சி சொன்னது. இரண்டும் ஒரே பக்கத்தில், அடுத்தடுத்த பத்தியில்.

"பாய், இதுல எவன் பொய் சொல்றான்?"

"ரெண்டு பேரும் சொல்லலாம்."

"அப்ப பாத்தவன் எவன்?"

யாரும் இல்லை என்றேன். நீ பேப்பரை நாலாக மடித்து வைத்தாய். "அப்ப நாம போய்ப் பாத்துருவோம்."

மழைக்காட்டுக்கு மக்கள் பல காரணங்களுக்காகப் போவார்கள். மழையைச் சரிபார்க்கக் கிளம்பியவன் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். காவிரி பிறக்கிற பக்கம் காட்டைச் சுற்றி அரசாங்கம் தேசியப் பூங்கா என்று பலகை நட்டிருந்தது. உள்ளே போக அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில், வரும் நோக்கம் என்ன என்று ஒரு கட்டம். இயற்கையை ரசிக்க என்று எழுதினேன்.

"ரசிக்கவா போறோம்? மழை பெய்யுதா இல்லையான்னு பாக்கப் போறோம்னு எழுது."

"அப்படி எழுதினா விடமாட்டாங்க மாப்ளே."

"பாத்தியா? என்னமோ இருக்கு."

அனுமதி ஆங்கிலத்தில் வந்தது, கீழே கன்னட முத்திரையோடு. முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது என்றாய். ஆபீஸ் பேராக இருக்கும் என்றேன். "இருக்கும்ங்கிறியா, இருக்குங்கிறியா?" என்று கேட்டுவிட்டு, அந்தத் தாளை இரண்டு நாள் உன் மடியிலேயே வைத்திருந்தாய்.

பாதை பன்னிரண்டு மைல் என்று போட்டிருந்தது. "காலைல கெளம்பினா பழைய சோத்துக்கு முன்னாடி முடிஞ்சிரும்" என்றாய். நானும் ஒப்புக்கொண்டேன். நம் தாலுகாவில் மிக உயரமான இடம் ஆற்றங்கரை. அதற்கு அடுத்தது வைக்கோல்போர். மைல் என்பது மேல்நோக்கியும் இருக்க முடியும் என்பது நம் இருவருக்கும் தோன்றவில்லை. ஆனாலும் பயிற்சி வேண்டும் என்று, விதைக்க வழியில்லாமல் கிடந்த விதைநெல்லில் அரை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைமேல் ஏறுவதும் இறங்குவதுமாக ஒரு வாரம் அலைந்தோம். கரையடியில் டீக்கடை வைத்திருந்த கோவிந்தராசு கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டான்: "என்ன மாமா, நெல்லக் கடத்துறீங்களா? அப்படின்னா ஒரு பக்கமாத்தான போவணும். நீங்க ஏன் திரும்பத் திரும்ப எறங்குறீங்க?" உனக்கு அன்றைக்கே அவன்மேல் ஒரு சந்தேகக் கண் விழுந்துவிட்டது. மழையை அளக்க ஓர் எவர்சில்வர் டம்ளரில் அரத்தால் கோடு கீறிக்கொண்டிருந்தாய். அவன் பார்க்கிறான் என்று வேட்டிக்குள் மறைத்தாய்.

ஒருநாள் மூட்டையை இறக்கிவிட்டு, வறண்ட மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "ஷட்டர் இல்லாத தண்ணிய ஒரு தடவ பாக்கணும் பாய். எவனும் தொறந்துவுடாம, தானா வர்றத." நான் நகைச்சுவையாக ஏதாவது சொல்லியிருப்பேன்; நல்லவேளை, மறந்துவிட்டது.

தடை ஒன்றுதான்: உன் மூன்று ஏக்கர். பண்ணையின் நிலம், உன் அப்பா காலத்திலிருந்து உங்கள் குத்தகை. பண்ணையார் சட்டத்தை மதிப்பவர். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அவருடைய நிலம் பதினோரு பேருக்குப் பிரிந்தது. அதில் மூன்று பேருக்கு அந்தச் சேதியே தெரியாது. ஆட்சி மாறும்போது அவர் துண்டின் கரையும் மாறும். நிலம் மட்டும் மாறாது. குத்தகைதாரர் பெயரைப் பதிய வேண்டும் என்ற சட்டப்படி நீ தாசில்தாரிடம் மனுக் கொடுத்திருந்தாய். இவன் சாகுபடியே செய்யவில்லை, நிலம் எங்கள் கையில் இருக்கிறது என்று பண்ணை பதில் கொடுத்திருந்தது. அடுத்த வாய்தாவுக்கு மூன்று வாரம் இருந்தது. நீ ஊரில் இல்லாத ஒரு நாள் அவர்கள் உழவு ஓட்டிவிட்டால் அந்தப் பதில் உண்மையாகிவிடும்.

அதனால் ரகசியம். கும்பகோணத்தில் சொந்தக்காரக் கல்யாணம் என்று ஊருக்குச் சொல்வது. உண்மை தெரிந்தது மூன்று பேருக்கு: உனக்கு, எனக்கு, உன் மனைவி ராசாத்திக்கு. "மழயப் பாக்கக் காட்டுக்கு ஏன் போவணும்? மேல பாத்தா தெரியாதா?" என்று அது கேட்டது. பிறகு, "போய்ட்டு வாங்க. நெலத்துல நான் நிக்கிறேன். நானும் ஆளுதான்" என்றது.

முதல் பஸ்ஸுக்கு விடியலில் வந்தோம். பஸ் ஸ்டாண்டில் பண்ணைக் காரியஸ்தர் நின்றுகொண்டிருந்தார். எட்டு மணிக்கு முன் அவரை ஊரில் யாரும் பார்த்ததில்லை. "வாய்யா" என்றார் உன்னிடம். "நல்லபடியாப் போய்ட்டு வாங்க."

கல்லணையில் வண்டி டீக்கு நின்றது. அணையின் மதகுகளுக்குக் கீழே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

"பாய், அவன் ஏன் நம்மள நல்லபடியாப் போவச் சொன்னான்?"

"மரியாதைக்குச் சொல்லியிருப்பாரு."

"அவனா? எனக்கா?"

பையை எடுத்துக்கொண்டு இறங்கினாய். எதிர்ப்புறம் வந்த பஸ்ஸில் ஏறினோம். சந்தேகத்தை ஒரு நோய் என்பார்கள். அன்றைக்கு அது உன் நிலத்தைக் காப்பாற்றிய ஒரே உறுப்பாக வேலை செய்தது.

நாம் வரப்பில் ஏறியபோது டிராக்டர் உன் வயலுக்குள் பாதி வந்து நின்றிருந்தது. அதன் முன் சக்கரத்துக்கும் ராசாத்திக்கும் இடையில் ஒரு முழம்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தது. டிரைவர் கீழே இறங்கி பீடி பிடித்தான். காரியஸ்தர் குடை பிடித்து நின்றார். ஊரே வரப்பில் இருந்தது. கடையை அப்படியே விட்டுவிட்டுக் கோவிந்தராசுவும் வந்திருந்தான்.

நீ போய் ராசாத்தி பக்கத்தில் உட்கார்ந்தாய். "எந்திரிச்சு வீட்டுக்குப் போ" என்றாய். "நீங்க வந்துட்டா நான் போவணுமா? இரிங்க, இந்த மொறம் முடியட்டும்" என்றது.

காரியஸ்தர் முகம் மாறியது. "காட்டுக்குப் போறதால்ல சொன்னாங்க" என்றார்.

"யாரு சொன்னது?"

அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற கோவிந்தராசுவை அவர் பார்ப்பதாக நீ எடுத்துக்கொண்டாய்.

இப்போது சொல்லிவிடுகிறேன். கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் காரியஸ்தர் பேப்பர் வாங்க வந்தார். பத்து நாள் கடை இருக்காது என்றேன். எல்லா வாடிக்கைக்காரர்களிடமும் சொன்னதுதான். "என்ன பாய், விசேஷமா?" என்றார். காட்டுக்குப் போகிறேன் என்றேன். "நீங்களா? கடைப்பலகையத் தூக்கி வைக்கவே மூச்சு வாங்குது. யாரு தொணைக்கு?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. தனியாகப் போகவில்லை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். உன் பெயரைச் சொன்னேன். அனுமதிக் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். எந்த பஸ் என்றும் சொன்னேன். யாரும் என்னை மிரட்டவில்லை, எதுவும் தரவில்லை. ஒரு காரியஸ்தர் முன்னால் கொஞ்சம் பெரிய மனிதனாக நிற்க ஆசைப்பட்டேன்.

டிராக்டர் திரும்பிப் போனது. வாய்தாவில் ஊரே சாட்சி சொன்னது. உன் பெயர் பதிவானது. "ஒக்காந்தது நான், பேரு ஒங்களுக்கு" என்று ராசாத்தி கடைசிவரை சொல்லிக்காட்டியது. அதற்குப் பிறகு நீ ஒரு ராத்திரிகூட நிலத்தை விட்டு வெளியே தங்கவில்லை. மழைக்காடு என்று நான் பேச்செடுத்தால், "அடுத்த வருசம் பாப்பம்" என்பாய். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாள்தான் நீ போன மிக நீண்ட பயணம்.

கோவிந்தராசு கடையில் அன்றோடு டீ குடிப்பதை நிறுத்தினாய். துரோகியின் கையால் குடிக்கக்கூடாது என்று நூறு கெஜம் தள்ளி எதிர்க்கடைக்குப் போனாய். நானும் கூடவே வந்தேன், முப்பது வருஷம், தினம் இரண்டு வேளை. அவன் கடையிலிருந்து பார்த்தால் நாம் உட்கார்ந்திருப்பது நன்றாகத் தெரியும். ஒருமுறை கடைக்கு வந்து என்னிடம் கேட்டான்: "நான் என்ன தப்புப் பண்ணேன் பாய்? மாமா மொகத்தக்கூடப் பாக்க மாட்டேங்குறாரு." "அவனுக்கு டீ ஒத்துக்கல" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அவன் செத்தபோது நீ வரவில்லை. நான் போய் மாலை போட்டேன். துக்க வீட்டில் என்னை நல்ல மனிதன் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "பாய், ஒன்னத் தவிர ஒருத்தனையும் நான் நம்புனதில்ல" என்றாய்.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். திட்டியிருக்க மாட்டாய். அன்றே மூன்றாவதாக ஒரு டீக்கடை தேடித் தனியாகப் போயிருப்பாய். முப்பது வருஷமும் நான் பயந்தது அதற்குத்தான்.

"பேசாம படு மாப்ளே" என்றேன். நீயும் நான் சொன்னபடி கேட்டாய்.