மார்கழியில் விற்காத பங்கு

டிசம்பர் 12, திண்டிவனம்

காலையிலிருந்து கடையில் ஒரு மோட்டார்கூட விற்கவில்லை. ஆனால் பங்கு ஏறியிருக்கிறது. பக்கத்து ஹார்டுவேர் கடை சகாயராஜ் எட்டிப் பார்த்து, "இந்த வருஷம் மாதிரி இன்னொண்ணு வராது வெற்றி. நாம தூங்கிக்கினு இருந்தாலும் அது சம்பாதிச்சிக்கினு கீது" என்றார். உண்மைதான். போன தை மாதம் என் மனைவி இசைவாணி தன் வளையல்களை விற்றுக் கொடுத்த பணத்தை ஒரே கம்பெனியில் போட்டேன். இரண்டு மடங்காகிவிட்டது. குழந்தை உண்டாக மூன்றாவது தடவை சிகிச்சை பார்க்க எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

டிசம்பர் 15

பாண்டிச்சேரி டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார். "கருமுட்டை தெரியுது. நாப்பத்திரண்டு வயசுல இதுவே பெருசு. இந்த மாசமே ஊசி ஆரம்பிச்சிடலாம், தள்ளாதீங்க." இசைவாணி விழுப்புரத்தில் லேப் டெக்னீஷியன், அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"நாளைக்கு மார்கழி பொறக்குதே, தையில ஆரம்பிக்கலாமே" என்றேன். கையை எடுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 17

மார்கழியில் கூடாதா என்று இசைவாணி நேராக என் அம்மாவிடமே போய்க் கேட்டுவிட்டாள். அம்மா கேப்பைக் கூழைக் கரைத்தபடி, "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு இன்னாடா மார்கழி? நானே பேசாம கீறேன், உனக்கு இன்னா வந்துச்சு?" என்றாள். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது?

அப்போதும் நான் விடவில்லை. "மொதோ ரெண்டு தடவையும் நாள் பாக்காம ஆரம்பிச்சோம், அதான் தங்கல" என்றேன். சொல்லியிருக்கவே கூடாது. இசைவாணி எழுந்து அடுப்பை அணைத்தாள். பிறகு, "சரிங்க, தையிலயே பாத்துக்கலாம்" என்றாள்.

டிசம்பர் 31

சகாயராஜ் நடத்தும் பங்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். புது வருஷம் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு எல்லோரும் ராக்கெட் படம் போட்டார்கள். நானும் போட்டேன்.

இங்கே எழுத என்ன வெட்கம்? மார்கழியெல்லாம் சும்மா. இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்றுதான் விற்காமல் இருந்தேன். ஏறினால் நாலாவது தடவைக்கும் ஆகுமே. அவளுக்காகத்தானே — அவளுக்காகத்தானா?

ஜனவரி 6

கம்பெனி கணக்கில் தில்லுமுல்லு என்று செய்தி. நான் ஷட்டரைத் தூக்குவதற்குள் விலை விழுந்து லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டது. விற்க எல்லோரும் நிற்கிறோம், வாங்க ஒருத்தன் இல்லை.

"மார்க்கெட்டு நல்லாத்தான் கீது வெற்றி, உன்னுதுதான் மாட்டிக்கிச்சு" என்றார் சகாயராஜ். ஊருக்கெல்லாம் மழை, என் கொல்லைக்கு மட்டும் இல்லை.

ஜனவரி 7

இன்றும் பங்கு விலைபோகவில்லை.

ஜனவரி 15

பொங்கல் பொங்கியது. படைத்து முடித்ததும் இசைவாணி, "தை பொறந்துடுச்சிங்க" என்றாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "அன்னிக்கே வித்திருந்தா..." என்று ஆரம்பித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "வேணாம், சொல்லாதீங்க" என்று எழுந்துபோய்விட்டாள். ஐயோ, ரெண்டு திட்டு திட்டியிருக்கலாமே.

பிப்ரவரி 3

ஸ்கேனாவது பார்த்துவிடலாம் என்று போனோம். பணத்துக்கு எங்கேயாவது பிறகு அலைந்துகொள்ளலாம் என்று இருந்தேன். டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஒண்ணுமே தெரியலம்மா. இனிமே உங்க முட்டையில முயற்சி பண்றது வீண்" என்றார். இசைவாணி அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

மார்ச் 9

இன்று பங்கு விற்றது. யாரோ வாங்கிக்கொண்டான். வந்ததில் ஒரு வளையல் தேறினால் பெரிய விஷயம். சகாயராஜ் வேறொரு கம்பெனி பெயர் சொன்னார். தலையை ஆட்டிவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

சாயங்காலம் இசைவாணியை அழைத்துவர விழுப்புரம் போனேன். பிளாட்பாரத்தில் அவள் லேபில் புதிதாகச் சேர்ந்த அஸ்வினி என்ற பெண்ணும் கூட நின்றாள். "மேடம், உங்களுக்கு எத்தினி பசங்க?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. வேணாம்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம்" என்றாள் இசைவாணி, சிரித்துக்கொண்டே.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.