பதினாலாம் தாளின் மூன்றாம் வரி

லிண்டன்ஃபோர்ஸ்ட்
27.01.2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி சிசிலி எழுதுவது. நான்கு நாளாக நீங்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. இரண்டு பஸ் தரிப்பிடம் தள்ளி இருக்கிற அண்ணனுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்ததை நினைக்கச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. வேலைக்குப் போகிற வழியில் உங்கள் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நீங்கள் எழும்பிப் பேசியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நகரத்துக்குப் புதிய சாசனம் எழுதுகிறார்கள். அதில் வெளிநாட்டவர் மன்றத்தை எடுத்துவிட்டு, மேயர் தன் விருப்பத்துக்கு நியமிக்கிற ஒரு பொறுப்பாளரை வைக்கப் பார்க்கிறார்கள். அந்த மன்றத்தில் பத்து வருடம் இருந்த நீங்கள் கேட்காமல் வேறு யார் கேட்பது? ஆனால் முன்னூறு பேருக்கு நடுவே, பேசுகிறவர்களுக்கு மைக் பிடித்துக்கொண்டு நின்ற என்னைக் கைகாட்டி, அவள் என் தங்கச்சி, அவளைக் கேளுங்கள் என்றீர்களே, அது ஏன்? நான் நகரசபை ஊழியர். அந்த மண்டபத்தில் நான் வாய் திறக்க முடியாது. பிறகு வாசலில் வைத்து, கடைக்கார விஜயரத்தினம் அண்ணைக்கு முன்னால், "சம்பளத்துக்கு வாயைத் தைச்சவள்" என்றீர்கள். அது இன்னும் காதுக்குள் நிற்கிறது.

சரி, அதை விடுங்கள். எங்கள் அலுவலக மேசையில் எல்லோருக்கும் வைத்திருக்கிற ஒரு படிவத்தை இதோடு வைக்கிறேன். இந்த ஊரில் குடியிருக்கிறவர்கள் கொடுக்கிற கூட்டு அன்ட்ராக், எங்கள் பாஷையில் கூட்டு மனு. பதினாலு வயதுக்கு மேற்பட்ட தொள்ளாயிரம் பேர் கையெழுத்திட்டால் நகரசபை அதை எடுத்து விவாதித்து வாக்கெடுத்தே ஆகவேண்டும். என்ன நாட்டுக் கடவுச்சீட்டு என்று இது கேட்காது. ஒரே நிபந்தனை, ஒவ்வொருவரும் தங்கள் கையால் போடவேண்டும். கீழே தடித்த எழுத்தில் இருக்கிறது, வாசியுங்கள்.

மச்சாளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி
சிசிலி


லிண்டன்ஃபோர்ஸ்ட்
01.02.2026

பாசமுள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதமும் படிவமும் கிடைத்தன. வாசலில் நான் சொன்னது அளவுக்கு மிஞ்சியதுதான். உன் மச்சாளும் அதைத்தான் சொல்கிறாள், ஒரு நாளைக்கு மூன்று தரம் சொல்கிறாள்.

ஆனால் நீ என் நிலைமையையும் யோசிக்கவேண்டும். 2003ல் நீ ஜேர்மன் பிரஜை ஆனாய். நான் ஆகவில்லை. அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பிவிடுவோம், அடுத்த வருடம் திரும்பிவிடுவோம் என்று இருந்தே நாற்பது வருடம் போய்விட்டது. முப்பத்தொரு வருடம் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இரவும் பகலும் மாறி மாறி நின்றேன். இந்த நாட்டில் என் கைக்கு வந்த ஒரே வாக்குச்சீட்டு அந்த மன்றத்துக்கானது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கோட்டுப் போட்டுக்கொண்டு போய் அந்தப் பெட்டியில் போடுவேன். எனக்கு அறுபத்தாறு வயது. அதையும் எடுத்துவிட்டால் நான் இந்த ஊரில் வரி கட்டுகிற ஒரு விருந்தாளி, அவ்வளவுதான்.

இன்று பூசை முடிந்ததும் தொடங்கிவிட்டேன். விஜயரத்தினத்தின் கடையிலும் ஒரு கட்டுத் தாள் கிடக்கிறது. துருக்கிக்காரர், சிரியாக்காரர் எல்லோரும் தங்கள் தங்கள் பக்கம் சேர்க்கிறார்கள். தொள்ளாயிரம் எனக்கு ஒரு பெரிய காரியமே இல்லை.

அண்ணன்
ஜேசுரட்ணம்


லிண்டன்ஃபோர்ஸ்ட்
19.02.2026

அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள். இதை எழுதுவதே பிழை.

திங்கட்கிழமை நீங்கள் கொடுத்த தாள்களைச் சரிபார்க்கிற வேலை, கூட வேலை செய்கிற ஹெர் க்ரேமருக்கும் எனக்கும் வந்தது. அந்தக் கூட்டத்துக்கு எங்கள் பிரிவில் நான் மட்டும்தான் வந்திருந்தேன், கல்யாணத்துக்குப் பிறகு என் பெயரும் வேறு, அதனால் இங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. இது என் அண்ணனுடைய அன்ட்ராக் என்று அந்த நிமிடமே நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்று ஒரு நினைப்பு.

மொத்தம் 948. தமிழில் போட்ட கையெழுத்துகளை க்ரேமர் என் பக்கம் தள்ளிவிட்டார். தனக்கு எல்லாம் ஒரே சுழியாகத் தெரிகிறதாம். எனக்கு அப்படித் தெரியவில்லை, அண்ணா. விஜயரத்தினம் அண்ணை தனக்கும் போட்டு, மனைவிக்கும், மாமியாருக்கும், மூன்று பிள்ளைகளுக்கும் போட்டிருக்கிறார். ஒரே நீலப் பேனை, ஒரே சாய்வு. அவர் மட்டுமில்லை. வீட்டுக்கு வீடு அப்பாவோ மூத்த மகனோ இருந்த இருப்பில் எல்லோருக்கும் சேர்த்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அறுபத்தொன்று எண்ணினேன்.

பதினாலாம் தாள், மூன்றாம் வரி. சிசிலி, கிர்ஷ்வேக் 8, பிறந்த திகதி 01.01.1971. பக்கத்தில் என் கையெழுத்து, உங்கள் கையால்.

நீங்கள் என்னிடம் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ எனக்கே தெரியாது. அதை யோசிக்கிற வேலையையும் எனக்கு மிச்சம் வைக்காமல் செய்துவிட்டீர்கள். திகதியும் நீங்கள் எனக்குத் தந்த திகதிதான். 1990ல் அகதி விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த ஜனவரி ஒன்று. முப்பத்தாறு வருடமாகப் புதுவருடத்தோடு எனக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் சேர்ந்து வருகிறது, நானும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை நான் கணக்குக் கொடுக்கவேண்டும். அறுபத்தொன்றையும் விட்டால் அன்ட்ராக் சபைக்குப் போகும். வெட்டினால் 887. இந்தக் கட்டடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தது நான் ஒருத்திதான்.

சிசிலி


லிண்டன்ஃபோர்ஸ்ட்
20.02.2026

சிசிலி,

கடிதத்தை உன் மச்சாளும் வாசித்தாள். கிழிக்கவில்லை.

நாங்கள் என்ன களவா எடுத்தோம்? இல்லாத ஆளுக்குப் போட்டோமா, செத்த ஆளுக்குப் போட்டோமா? விஜயரத்தினத்தின் மனைவி அவனுக்குப் பக்கத்தில்தான் கல்லாவில் இருந்தாள். வேண்டாம் என்றால் சொல்லியிருப்பாள்தானே. எங்கள் வீடுகளில் பேனையைப் பிடிக்கிறவன் எல்லோருக்கும் சேர்த்துப் போடுவான். கோயிலிலும் அப்படித்தான், சங்கத்திலும் அப்படித்தான். இது உனக்குத் தெரியாதா? க்ரேமருக்குத் தெரியாது, சரி. உனக்குமா?

உன் பெயரைப் போட்டதற்குக் கணக்குக் கேட்கிறாய். நான் உனக்காகப் போட்ட கையெழுத்துகளை எண்ணத் தொடங்கினால் உன் அலுவலகத் தாள் போதாது. பதினெட்டு வயதில், ஒரு சொல் ஜேர்மன் தெரியாமல் பிராங்க்பர்ட் விமானநிலையத்தில் அழுதுகொண்டு நின்றாய். முகாமுக்கு யார் போட்டது? வீட்டுக்கு யார் போட்டது? படிப்புக்கு யார் போட்டது? நான் போட்டதால்தான் இன்றைக்கு நீ அந்தக் கதிரையில் இருந்து என் தாளைப் பிழை பார்க்கிறாய்.

நீ பொய் சொல்லவேண்டாம். ஒன்றும் செய்யவேண்டாம். மண்டபத்தில் சும்மா நின்றாயே, அதைப் போலச் சும்மா இரு. அது உனக்கு நன்றாக வரும்.

வெட்டினாயோ, உயிர்த்த ஞாயிறுக்கு இந்த வாசல் பக்கம் வராதே.

ஜேசுரட்ணம்


லிண்டன்ஃபோர்ஸ்ட்
23.02.2026

அண்ணாவுக்கு,

வெட்டிவிட்டேன். பதினாலாம் தாள் மூன்றாம் வரியில் தொடங்கினேன், மற்ற அறுபதும் அதற்குப் பிறகுதான்.

பிறகு மேலதிகாரியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஜேசுரட்ணம் என் சொந்த அண்ணன், எனக்கு அந்தக் கையெழுத்துகளை வாசிக்க முடிந்தது, ஒரு கிழமையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று. உங்களுக்கு எழுதிய கடிதத்தையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். என் கோப்பில் ஓர் எச்சரிக்கைத் தாள் ஏறுகிறது. இருபத்திரண்டு வருட வேலையில் முதல் தாள். சரிபார்க்கிற வேலை இனி க்ரேமருக்கு மட்டும்.

சும்மா நிற்பது எனக்கு நன்றாக வரும் என்று எழுதினீர்கள். உண்மைதான், அண்ணா. அதை யாரிடம் பழகினேன் என்று யோசித்தீர்களா? எல்லாவற்றுக்கும் நீங்களே போட்டீர்கள், நீங்களே பேசினீர்கள், நான் பின்னால் நின்றேன். நன்றியில்லாமல் சொல்லவில்லை. நீங்கள் இல்லாவிட்டால் நான் இல்லை. ஆனால் நீங்கள் இந்த ஊரிடம் என்ன கேட்கிறீர்கள்? எனக்காக மேயர் பேசவேண்டாம், நானே பேசுகிறேன் என்றுதானே? அதைத்தான் விஜயரத்தினம் அண்ணையின் மனைவியும் உங்களிடம் கேட்கலாம். நானும் கேட்கலாம்.

மார்ச் பன்னிரண்டாம் திகதி நகரசபை கூடுகிறது. ஒன்பதாம் திகதி வரை குறைகிற கையெழுத்தைச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று மேலதிகாரி சொன்னார். உங்களுக்கு அதிகாரபூர்வமாகவும் கடிதம் வரும். பதின்மூன்று போதும். அந்த வீடுகளுக்கு ஒருக்கால் போங்கள். பேனை வைத்திருக்கிறவரிடம் கொடுக்கவேண்டாம். பெயருக்குரிய ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

என் உண்மையான பிறந்தநாள் எது என்று உங்களுக்குத் தெரியுமா?

சிசிலி


லிண்டன்ஃபோர்ஸ்ட்
08.03.2026

அன்புத் தங்கச்சிக்கு,

ஒரு கிழமை உன் கடிதத்துக்குப் பதில் எழுதக்கூடாது என்று இருந்தேன். அடுத்த கிழமை எழுத நேரமில்லாமல் போயிற்று. அந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் போனேன்.

விஜயரத்தினத்தின் மாமியாருக்கு எழுபத்தொன்பது வயது. தாள் முழுவதையும் வாசிக்கச் சொன்னார், இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார், அந்த மன்றம் இவ்வளவு காலமும் என்ன செய்தது என்று கேட்டார். முகாமுக்குப் பஸ் விட்டதைச் சொன்னேன். அந்தப் பஸ்ஸில்தான் இருபது வருடம் ஆஸ்பத்திரிக்குப் போகிறாராம். போட்டார். பேத்தி கவிசா, பதினேழு வயது, போடமாட்டேன் என்றாள். "போன முறை என்ர பேரைப் போடேக்க உங்களுக்கு நான் தேவைப்படேல்லத்தானே, அங்கிள்" என்றாள். விஜயரத்தினம் அவளை அதட்டப் போனான். நான் விடு என்றேன்.

உன் மச்சாள்தான் எல்லோரையும் வென்றாள். தாளை மேசையில் வைத்தேன். "நாற்பது வரியம் உங்களோட இருக்கிறன். நான் எதுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறன் எண்டு முதல் சொல்லுங்கோ" என்றாள். ஒரு மணித்தியாலம் சொன்னேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. கடைசியில், யோசித்துச் சொல்கிறேன் என்றுவிட்டு எழும்பிப் போனாள். மூன்று நாள் யோசித்தாள். அந்த மூன்று நாளும் நான் தேத்தண்ணீர் கேட்கவும் பயந்தேன். நேற்றுக் காலை வந்து போட்டாள்.

அறுபத்தொரு பேரில் முப்பத்தெட்டுப் பேர். 925 ஆகிவிட்டது. உன் கையெழுத்து இல்லாமலே போதும். அதனால்தான் கேட்கத் துணிவு வந்தது. இதோடு ஒரு தாள் வைக்கிறேன். பெயர்கூட எழுதவில்லை. போடு என்று சொல்லவில்லை, தங்கச்சி. போடுவாயா?

நவம்பர் இருபத்திரண்டு. செசிலியம்மாள் திருநாள். அதனால்தானே உனக்கு அந்தப் பெயர். எனக்கு அன்றைக்கும் தெரியும். அந்த அதிகாரி திகதி கேட்டார். அந்த நேரம் நாள் முதலா மாதம் முதலா என்று குழம்பிவிட்டது, பின்னால் வரிசை நின்றது, எங்கள் ஆட்கள் எல்லோரும் ஜனவரி ஒன்று என்றுதான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், நானும் கொடுத்தேன். நீ கதவுக்கு வெளியே மர வாங்கில் இருந்தாய். கதவைத் திறந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். பத்து அடி தூரம். கேட்கவில்லை. அது பிழை.

உயிர்த்த ஞாயிறு பற்றி நான் எழுதியதை நீ உன் பேனையால் வெட்டிவிடவேண்டுமாம், மச்சாள் சொல்கிறாள்.

அண்ணா
ஜேசுரட்ணம்


லிண்டன்ஃபோர்ஸ்ட்
13.03.2026

என் அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்று நீங்கள் முன்வரிசையில் கோட்டோடு இருந்தீர்கள், முடிவை நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எழுதிப் பார்க்க ஆசையாயிருக்கிறது. இருபதுக்குப் பதினெட்டு. புதிய சாசனத்தில் மற்ற எல்லாம் நிறைவேறியது, அந்தப் பிரிவு மட்டும் போயிற்று. மன்றம் இருக்கிறது. அடுத்த தேர்தலுக்கும் நீங்கள் கோட்டுப் போடலாம்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை எடுத்தேன். ஊழியராக இல்லாமல், குடியிருக்கிற ஆளாக, முன்வாசலால் போய் வரிசையில் நின்று, நீங்கள் தந்த தாளை க்ரேமரிடம் கொடுத்தேன். பெயர், முகவரி எல்லாம் நானே எழுதினேன். பிறந்த திகதி 22.11.1971 என்று எழுதினேன். அந்தத் திகதியை அதற்கு முன் ஒரு படிவத்திலும் நான் எழுதியதில்லை.

க்ரேமர் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சிசிலி, இது உங்கள் பதிவோடு பொருந்தவில்லையே" என்றார். தெரியும் என்றேன். ஜனவரி ஒன்று என்று மாற்றி எழுதித் தரச்சொன்னார், பாவம், தாளையும் திருப்பித் தள்ளினார். மாட்டேன் என்றேன். அப்படியானால் இது செல்லாது என்று சொல்லி, அடிமட்டம் வைத்து என் வரியில் சிவப்புக் கோடு இழுத்தார்.

அண்ணா, உங்கள் கையால் நீங்கள் போட்டது கோடில்லாமல் போயிருக்கும். என் கையால் நான் போட்டது செல்லவில்லை. வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். பிறகு சிரித்தேன். என்றாலும் நான் போட்டேன், அது உங்களுக்குத் தெரியவேண்டும்.

பதிவைத் திருத்துவதற்கு நகரசபையில் நேரம் கேட்டு ஒரு டெர்மின் எடுத்திருக்கிறேன். ஊர்க் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு சண்டையில் எரிந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரியும். நான் பிறந்த நாளை அறிந்த ஒருவர் வந்து, வாயால் சொல்லி, தன் கையால் எழுதிக் கொடுக்கவேண்டுமாம். அம்மா இல்லை, அப்பா இல்லை. நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

24ம் திகதி செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை, இரண்டாம் மாடி. நான் வெளியே வாங்கில் இருக்கமாட்டேன், உள்ளே உங்களுக்குப் பக்கத்தில் இருப்பேன். வருவீர்களா?

உங்கள் தங்கச்சி
சிசிலி