டான்ஸியை அக்கரைக்கு அனுப்பியது

மார்ச் 9, 2022
என் குதிரை டான்ஸி மேயும் நிலத்தை விற்றுவிட்டார்கள். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள், சுங்கக் காகிதங்கள் சரியாகும்வரை காத்து நிற்க இடம் வேண்டுமாம். இங்கிலாந்தின் இந்தக் கென்ட் மாவட்டத்தில் இப்போது எங்கு பார்த்தாலும் லாரிதான். மாதக் கடைசிக்குள் நான் குதிரையை அங்கிருந்து கொண்டுபோக வேண்டும். எங்கே? அதன் வயதைச் சொன்னதும் லாயக்காரர்கள் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள்.

மார்ச் 12
பிரான்ஸில் நார்மண்டியிலிருந்து மகள் ரோவினா பேசினாள். "இங்க அனுப்பிடும்மா. நான் ஏறிப் பழகின குதிரை, நானே பாத்துக்கறேன்."

முன்பானால் காலையில் வண்டியில் ஏற்றினால் மாலையில் ரோவினாவின் புல்வெளி. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நாடு வெளியே வந்தபின் ரத்தப் பரிசோதனை, சுகாதாரச் சான்றிதழ், கடல் தாண்டி அக்கரையில் ஆய்வு. லென் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே, "ரெண்டு காகிதம். அதுக்கு இவ்ளோ புலம்பலா?" என்றான். வெளியேறத்தான் வேண்டும் என்று வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்ட மனிதன், என் கணவன்.

மார்ச் 17
டான்ஸியை நன்கு அறிந்த கால்நடை மருத்துவர் மிஹேலா ருமேனியாவுக்கே திரும்பிவிட்டாள். சான்றிதழுக்காக வந்த புதியவர் கையுறையைக் கழற்றும்போதே அடுத்த குதிரைக்காரரோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்.

மார்ச் 24
ஏற்றிவிட்டேன். ஓட்டுநர் ஸ்டான், "கவலப்படாதீங்க, எத்தனையோ முரட்டுக் குதிரையக் கொண்டுபோயிருக்கேன்" என்றார்.

"இது முரடு இல்ல ஸ்டான். கிழவி. ரொம்ப நேரம் நின்னா தாங்காது."

மார்ச் 25
சான்றிதழில் ஒரு பக்கத்தில் அந்தப் புதிய மருத்துவர் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது. அக்கரை ஆய்வு நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். அங்கே கொட்டில் காலியில்லை — வண்டியிலேயே நிற்கிறதாம். தண்ணீர் குடிக்கவில்லையாம்.

சாயங்காலம் ரோவினா, ஆய்வு நிலைய வேலிக்கு வெளியே நின்று ஃபோனில் பேசினாள். "டான்ஸிக்கு வயித்து வலி வந்துடுச்சும்மா. வண்டிய உதைக்கறா, சத்தம் இங்க கேக்குது. என்னை உள்ள விட மாட்டேங்கறாங்க."

அப்புறம் யாரோ ஊசி போட்டு அவள் உயிரை முடித்துவைத்தார்கள். நான் சமையலறையில் நின்று ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தேன். வேற என்ன பண்ண முடியும் என்னால?

மார்ச் 26
ஒன்றுமில்லை.

ஏப்ரல் 3
ஞாயிறு ரோவினா பேசும்போது லென் ஃபோனை வாங்கி, "அந்த மடையன் டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தா இது நடந்திருக்காதும்மா" என்றான். அவள் வைத்துவிட்டாள். அவன் கொஞ்ச நேரம் ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தான்.

செப்டம்பர் 6
கப்பலில் எழுதுகிறேன். ரோவினாவுக்கு இது எட்டாம் மாதம். என்னை மட்டும்தான் வரச் சொன்னாள். லென் துறைமுகம்வரை காரில் கொண்டுவந்து விட்டான்.

"எப்ப வருவ?"

"தெரியல."

பின்னிருக்கையிலிருந்து ஒரு பை எடுத்துக் கொடுத்தான். ரோவினாவுக்குப் பிடித்த இஞ்சி பிஸ்கட்.

"நீ வாங்கினதுன்னே சொல்லிக்கோ" என்றான்.