சிக்னலை நீங்கள் சரியாகத்தான் அனுப்பினீர்கள்

அன்புள்ள பாவா,

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. அக்கா மறுபடி கே.ஜி.கண்டிகை பள்ளிக்குப் பாடம் நடத்தப் போகிறாள். நான் திருத்தணியில் அதே காலை ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய்வருகிறேன். நீங்கள் உட்கார்ந்து வந்த பக்கத்து இருக்கையில் யார் யாரோ உட்காருகிறார்கள்.

வீட்டில் நீங்கள் அக்காவின் கணவர்; வெளியே, ஒரே கம்பெனியில், கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்தும் கெர்னலுக்கு நாம் இருவரும் நிரல் எழுதினோம். அதில் ஒரே சமயத்தில் ஓடும் ஒவ்வொரு வேலையும் ஒரு த்ரெட். அதை நிறுத்தவோ எழுப்பவோ போகும் தகவல் சிக்னல். சிக்னல் அனுப்பும் பகுதி உங்களுடையது. முடிந்துபோன த்ரெட்டுக்கு மெமரியில் இருந்த இடத்தைக் காலி செய்வது என்னுடையது.

வாடிக்கையாளரின் மெஷின்கள் திடீரென்று உறைந்து நின்றபோது மேனேஜர் மீட்டிங் போட்டார்.

"முடிஞ்சுபோன த்ரெட்டுக்கு சிக்னல் போகுது சார். அனுப்புற பக்கம்தான் தப்பு" என்றேன். சோதித்துப் பார்க்காமலே சொன்னேன்.

"நான் த்ரெட்டைப் புடிச்சுகினுதாங்க அனுப்புறேன். நான் விடுற வரைக்கும் அந்த இடத்தைக் காலி பண்ணக் கூடாது" என்றீர்கள். யாரும் காதில் வாங்கவில்லை. மறுவாரமே உங்களைக் கெர்னல் வேலையிலிருந்து எடுத்து வேறு பிரிவில் போட்டுவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து என் பகுதியைப் படித்துப் பார்த்தேன். நீங்கள் பிடித்திருப்பதைக் கவனிக்காமலே அது இடத்தைக் காலி செய்துகொண்டிருந்தது. அங்கே வேறொரு த்ரெட் வந்துவிட, உங்கள் சிக்னல் அதன்மேல் போய் விழுந்திருக்கிறது. பிடித்திருப்பவர்கள் எல்லோரும் விட்ட பிறகே காலி செய்யும்படி நான்கு வரி சேர்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் ரயில் திருவாலங்காடு தாண்டும்போது கேட்டீர்கள்.

"மெஷின் இப்ப நிக்காம ஓடுதாமே, கலா?"

"ஆங், பாவா."

"நல்லதுதான்மா."

அவ்வளவுதான். கரும்புத் தோட்டங்களைப் பார்த்தபடி வந்தீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாமே, ஏன் வாய் வரவில்லை? இரண்டு மாதத்தில் மாரடைப்பு வந்து உங்களைக் கொண்டுபோனது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"அவருக்குத் தெரியும்டி. ஆபீஸ்ல அதைத் திறந்து நீ சேர்த்த வரியைப் பார்த்த அன்னைக்கே எங்கிட்ட சொன்னாரு. 'அவளே சொல்லுவா, நீ எதுவும் கேக்காத'ன்னு சொல்லிகினே இருந்தாரு."

"உனக்குக் கோபம் இல்லையாக்கா?"

"இருந்துச்சு. அவரு போனப்புறம் அதிகமாச்சு. இன்னைக்கு நீயா வந்து சொன்ன." கையிலிருந்த புடவையின் மறுமுனையை என்னிடம் நீட்டினாள். இருவரும் சேர்ந்து மடித்தோம்.

பாவா, திங்கட்கிழமை அதே அறையில் மீட்டிங் இருக்கிறது. அன்று உட்கார்ந்திருந்த எல்லோரும் இருப்பார்கள். பிழை என்னுடையது, அதை மறைத்ததும் நான்தான் என்று அவர்கள் முன்னால் எழுந்து நின்று சொல்வேன். மேனேஜர் சொல்லும் பதில் எதுவானாலும், சாயங்காலம் வந்து அக்காவிடம் அப்படியே சொல்வேன்.

உங்கள் மச்சினி,
கலா