கல்லில் இருக்கும் என் எழுத்து

இன்று காலை பாச்சை உருண்டை மாற்றலாம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதுமே உங்கள் கம்பளிக் கோட்டின் வாசனை முகத்தில் அடித்தது. ஈரக் கம்பளியும் நிலக்கரிப் புகையும் கலந்த வாசனை. சங்கரன்கோவில் வெயிலில் எத்தனை தடவை காயப் போட்டும் அது போகவில்லை. பெட்டியை மூடிவிட்டேன். ஆனால் அதற்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். உலையில் அரிசி போட மறந்து தண்ணீர் வற்றியே போனது. கடைசியில் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தால்தான் அது என் வாயில் வரும்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் நீங்கள் கப்பல் ஏறினீர்கள். நமக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான். திருநெல்வேலியில் இன்ஜினியர் ஆபீசில் கட்டடப் படம் வரைந்துகொண்டிருந்தீர்கள். அங்கே உங்களுக்கு மேலே இருந்து, வேலை முடிந்து ஊர் திரும்பிய துரை ஒருவர் எழுதிக் கூப்பிட்டார். இங்கிலாந்தின் வடக்கே அவருடைய ஊர்ப்பக்கம் பழைய கட்டடங்களையெல்லாம் சர்க்கார் பட்டியல் எடுக்கிறது, அளந்து படம் போட ஆள் வேண்டும் என்று. பட்டியலில் ஏறிவிட்டால் சொந்தக்காரரே ஆனாலும் கேட்காமல் இடிக்க முடியாதாம்.

நீங்கள் கடிதம் எழுதியதெல்லாம் உங்கள் அப்பாவுக்கு, மாமாவுக்குத்தான். அவருக்குப் பொடி எழுத்து தெரியாததால் நான்தான் படித்துக் காட்டுவேன். கடிதம் முழுக்கக் கல். ஒரே ஜன்னலைக் கல்கால்கள் நிறுத்தி ஐந்து கண், ஏழு கண்ணாகப் பிரித்திருக்கிறார்கள் என்று எழுதுவீர்கள். ஜன்னலுக்கு மேலே புருவம் போலக் கல்லில் ஒரு விளிம்பு இருக்கும், அதன் இரண்டு முனையும் கீழே மடங்கியிருக்கும், சுவரில் வழிகிற மழை ஜன்னலுக்குள் இறங்காமல் ஓரமாகப் போய்விடும் என்பீர்கள். கூரையில் ஓட்டுக்குப் பதில் கல்பலகைகள், கீழ்வரிசையில் பெரிது, மேலே போகப் போகச் சிறிது. படிக்கப் படிக்க எனக்குக் கால் தரையில் பாவாது. எப்போது வருவீர்கள் என்று ஒரு வரி இருக்காதா என்று வாய் படிக்கும்போதே கண் அடுத்த பக்கத்துக்கு ஓடும்.

"கப்பல் ஏறிப் போயி அங்கன பழைய வீட்டையா அளந்துக்கிட்டுக் கெடக்கான்?" என்பார் மாமா. "நம்ம ஊர்ல இல்லாத பழைய வீடா?"

"சர்க்கார் வேலை மாமா."

"நல்ல சர்க்காரு. இடிஞ்சு விழுததை இடிக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம்."

ஒரு கடிதத்தில் வாசலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த மலைப்பக்கத்துக் குடியானவர் வீடுகளில் வாசலுக்கு மேலே உள்ள கல்லில் வீடு கட்டிய வருஷத்தை வெட்டியிருப்பார்கள், கூடவே மூன்று எழுத்து. மேலே குடும்பப் பெயரின் முதல் எழுத்து, கீழே இடப்பக்கம் புருஷன் எழுத்து, வலப்பக்கம் பெண்டாட்டி எழுத்து. முந்நூறு வருஷமாகியும் அழியாமல் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். படிப்பதை அதோடு நிறுத்திவிட்டேன்.

"என்ன பிள்ளே, நின்னுட்ட?"

"எழுத்து மங்கலா இருக்கு மாமா."

அதற்குக் கீழே, எப்போதும் போல, 'வீட்டில் எல்லோரும் சௌக்கியமா' என்று இருந்தது. அந்த 'எல்லோரும்' தான் நான். அப்போதெல்லாம் வீட்டிலும் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். மாமாவுக்கு நான் 'பிள்ளே'. ஊருக்கு நான் 'சிவகிரிக்காரி'.

அன்று மத்தியானம் மாமா தூங்கியதும் நானே ஒரு கடிதம் எழுதினேன். 'செத்துப் போன வெள்ளைக்காரிக்குக் கல்லில் எழுத்து இருக்கிறது. எனக்கு உங்கள் காகிதத்தில்கூட இல்லை.' அவ்வளவுதான் எழுதினேன். தனியாகத் தபாலாபீசுக்கு நடந்து போய்ப் போட்டேன். போட்டதிலிருந்து எனக்குப் பயம். நீங்கள் கோபித்துக்கொண்டு மாமாவுக்கு எழுதிவிட்டால்? ஐந்து வாரம், தபால்காரர் தெருமுனையில் திரும்புகிற நேரத்துக்கு எந்த வேலையிலும் கை ஓடவில்லை. பதில் என் பெயருக்கே வந்தது. மேலே 'கோமதி' என்று உங்கள் கையெழுத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன். உள்ளே ஒரு வாசல் படம், வாசலுக்கு மேலே தமிழில் மூன்று எழுத்து. 'நம் வீடு கட்டும்போது இப்படித்தான்' என்று ஒரே ஒரு வரி.

திரும்பி வந்த பிறகு உங்களுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட்ட கை காய்வதற்குள் டேப்பை எடுத்துக்கொண்டு வீடு கட்ட ராஜபாளையம் ரோட்டில் வாங்கிய மனைக்கு ஓடுவீர்கள். ஜன்னலுக்குக் கல்கால்கள் வைத்தீர்கள், மேலே புருவமும் வைத்தீர்கள். வாசுதேவநல்லூர்க் கல்தச்சர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, நம்ம ஊர்ல பெய்யுத மழைக்கு இது எதுக்கு?"

"பெய்யுத அன்னைக்கு வேணும்லா. நீரு வையும்."

வாசல் கல்லை மட்டும் கடைசி நாள் வரை சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தீர்கள். நான் மட்டும் சாக்கை விலக்கிப் பார்த்திருந்தேன். மேலே மாமாவின் எழுத்து, கீழே உங்களுடையது, அதன் பக்கத்தில் 'கோ'. விரலை வைத்துப் பார்த்தேன். வெட்டிய ஓரம் இன்னும் கூர்மையாக இருந்தது.

பால் காய்ச்சிய அன்று சாக்கை எடுத்தீர்கள். உங்கள் பெரியப்பா மேலே பார்த்தார்.

"மேல இருக்கது தம்பி எழுத்து. கீழ உன் எழுத்து. பக்கத்துல 'கோ' யாருலே?"

மாமா நாற்காலியில் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, பொண்டாட்டி பேரையா வாசல்ல வெட்டி வச்சிருக்க?"

"இல்ல பெரியப்பா," என்றீர்கள். "நம்ம கோயில் கோமதி அம்பாளு."

"அதானே பாத்தேன்!" என்றார் அவர். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி எம்பி என் எழுத்துக்குக் குங்குமம் வைத்தாள். சந்தனக் கிண்ணத்தோடு நான் நிலைப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

எல்லோரும் போன பிறகு அடுப்படிக்கு வந்தீர்கள்.

"அது யார் எழுத்து?" என்று கேட்டேன்.

"உன்னோடதுதான். அப்பா முன்னால சொல்ல வரலை."

"அப்போ கல்லுல எதுக்கு? காகிதத்துலயே இருந்துட்டுப் போகட்டும்."

"நாளைக்குச் சொல்லுதேன் கோமதி. பக்குவமாச் சொல்லுதேன்."

ஒன்பது நாள் நான் உங்களோடு பேசவில்லை. பிறகு பேசினோம், சிரித்தோம், வாழ்ந்தோம். ஆனால் அந்த 'நாளைக்கு' வரவில்லை. மாமா வாசல் பக்கம் வந்தாலே நீங்கள் வேறு பேச்சை எடுப்பீர்கள். அந்தக் கல்லைப் பற்றி யாராவது கேட்டால் தோட்டத்துக்குப் போய்விடுவீர்கள். சொந்த வீட்டு வாசலில் நீங்கள் தலையை நிமிர்த்திப் பார்த்து நான் கண்டதில்லை.

மாமா படுக்கையில் விழுந்தபோது காற்றுக்காக முற்றத்துப் பந்தலில் கட்டில் போட்டிருந்தோம். அந்த வாரம் நீங்கள் மேலநீலிதநல்லூரில் பள்ளிக்கூடக் கட்டட வேலைக்குப் போயிருந்தீர்கள். நான் கஞ்சி கொண்டுபோனேன். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ கோமதி," என்றார்.

கஞ்சியைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"அம்பாளை எனக்குக் கீழயும் தனக்குப் பக்கத்துலயும் எவனாவது வைப்பானாட்டி?" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. "பயந்த பய. அன்னைக்கே எனக்குத் தெரியும். அவனே சொல்லட்டும்னு இருந்தேன்."

"நான் சொல்லிருதேன் மாமா."

"உன் இஷ்டம்."

நீங்கள் திரும்பி வருவதற்கு முந்தின நாள் அவர் போய்விட்டார். ஈமக்காரியம் எல்லாம் முடியட்டும் என்று முதலில் பேசாமல் இருந்தேன். அப்புறம், மறைப்பதற்கு இனி ஆள் இல்லையே, இப்போதாவது நீங்களாக நாலு பேர் முன்னால் சொல்கிறீர்களா பார்ப்போம் என்று இருந்தேன். அதில் வீம்பு இருந்தது. இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மூன்று வருஷம் ஓடிவிட்டது. வாசல் வழியாகப் போகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வதும், நீங்கள் கண்ணைத் திருப்பிக்கொள்வதும் நடந்துகொண்டே இருந்தன.

மஞ்சள் காமாலையில் நீங்கள் கிடந்தபோது ஒரு சாயங்காலம் என் கையைப் பிடித்தீர்கள். "அந்தக் கல்லு விஷயத்துல உன்னை ஏமாத்திட்டேன்லா. அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தைரியம் இல்லாமப் போச்சு" என்றீர்கள். உங்கள் கண் மஞ்சளாக இருந்தது. அதில் ஈரம்.

"இப்ப எதுக்கு அதெல்லாம்? கஷாயத்தைக் குடிங்க" என்றேன்.

என் வாயில் வந்தது அதுதான். நாளைக்குக் கொஞ்சம் தெளிந்து உட்காருவீர்கள், அப்போது சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று நினைத்தேன். நீங்கள் கஷாயத்தைக் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். அப்புறம் தெளிந்து உட்காரவே இல்லை.

'மாமாவுக்குத் தெரியும்.' இரண்டே வார்த்தை. சொல்லியிருந்தால் உங்களுக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும். எதிர்வீட்டு அம்மா இப்போதும் வெள்ளிக்கிழமை வந்து அந்த எழுத்துக்குக் குங்குமம் வைக்கிறாள். அது யார் எழுத்து என்று தெரிந்த மூன்று பேரில் இரண்டு பேர் போய்விட்டீர்கள், உங்களுக்குள் பேசிக்கொள்ளாமலே. இடையில் நின்றவள் நான். அந்த இரண்டு வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன்.