கூடைக்கும் தண்ணிக்கும் ஒரு கிலோ

2025 பெப்ரவரி 3, திங்கள்

காலையில் கரையில் மீன் நிறுக்கும் வாடிக்கு நல்ல சூடை வந்தது. நிறுத்துக் கொடுத்து முடிந்ததும் சங்கிலிக்கென்று நாலு மீனைத் தனியாக எடுத்துக்கொண்டு வந்தேன். மணந்து பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். முப்பத்தெட்டு வருடமாக மீன் நிறுக்கிறவன் வீட்டுப் பூனைக்கு மீன் பிடிக்கவில்லையாம். துரைக்கு வேறென்ன சமைத்து வைப்பது?

மனைவி யூலிற்றா கனடாவுக்குப் போய் மூன்று கிழமை. மகள் நிறஞ்சனாவுக்குப் பிள்ளைப்பேறு. படலையில் நின்று இரண்டே விஷயம் சொல்லிவிட்டுப் போனாள். "பிறஷர் குளிசையை விட்டிடாதேங்கோ. சங்கிலியைக் கவனமாப் பாருங்கோ." என் காரியம் முதலில் வந்ததே பெரிய விஷயம்.

பெப்ரவரி 6

இன்றும் சாப்பிடவில்லை. ஆனால் வயிறு ஊதிக்கொண்டு வருகிறது. உடம்பெல்லாம் எலும்பு, நடுவில் ஒரு பானை. வாடிக்கு மீன் கொண்டுவருகிற நிஷாந்தன் கூடவே வந்திருந்தான், குனிந்து பார்த்துவிட்டு, "அருளப்பண்ணை, இது பிள்ளைத்தாச்சியெல்லோ?" என்றான். "கடுவனடா!" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவன் போன பிறகு காதைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது. பிறகு சிரிப்பு வரவில்லை.

பெப்ரவரி 7

மீன்பெட்டியில் ஓட்டை போட்டு, சங்கிலியை உள்ளே வைத்து, முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன். பெட்டி கத்தியதும் முழு பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது.

மிருக வைத்தியர் சிவரூபி சின்னப் பிள்ளை, நிறஞ்சனாவின் வயதுதான் இருக்கும். ஊசியால் வயிற்றிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்துக் காட்டினார். மஞ்சள் நிறம், எண்ணெய் மாதிரி இழுபட்டது. பூனைகளுக்கு வரும் வைரஸ் வருத்தமாம். அநேகமான பூனைகளில் சும்மா கிடக்கும் கிருமி சிலதில் மட்டும் மாறி உயிரைக் குடிக்குமாம்.

"கொஞ்ச வருசத்துக்கு முந்தியெண்டா, வீட்டை கொண்டுபோய் மடியிலை வைச்சிருங்கோ ஐயா எண்டுதான் சொல்லியிருப்பன். இப்ப வாயாலை குடுக்கிற குளிசை இருக்கு. எண்பத்துநாலு நாள். ஒரு நாளும் விடக்கூடாது, நேரமும் மாறக்கூடாது. பாரத்துக்கு ஏத்த அளவு. பாரம் கூடக்கூடக் குளிசையையும் கூட்டவேணும். குறைச்சுக் குடுத்தா வருத்தம் திரும்பி வந்திடும்."

அவருடைய தராசில் இரண்டு கிலோ நானூறு. ஒவ்வொரு சனிக்கிழமையும் நிறுத்துப் போனில் சொல்ல வேண்டும், நடப்பதைக் கொப்பியில் எழுதவும் வேண்டும் என்றார். "நிறுக்கிறதை என்னட்டை விடுங்கோ பிள்ளை. அதுதான் என்ரை தொழில்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

பெப்ரவரி 8, சனி. முதலாம் நாள்

அந்தோணியார் கோயிலில் மாலைத் திருந்தாதி மணி ஆறுக்கு அடிக்கும். அதையே குளிசை நேரமாக வைத்துக்கொண்டேன். மூன்று தரம் குளிசை தரைக்கு வந்தது. யூலிற்றா சின்ன வயதில் நிறஞ்சனாவுக்கு மருந்து பருக்கும்போது தொண்டையைத் தடவிக்கொண்டே பாட்டுப் படிப்பாள். அது நினைவுக்கு வந்தது. தடவினேன். பாட்டு எனக்கு வராது, செபத்தையே முணுமுணுத்தேன். விழுங்கிவிட்டான். கையில் நாலு கீறல்.

பெப்ரவரி 11

இரண்டு சூடை சாப்பிட்டான். தலையோடு!

பெப்ரவரி 15, சனி

காய்ச்சல் இல்லை. வயிறு வற்றிவிட்டது. மீன்கூடைக்குள் அவனை வைத்து, குசினிக் கூரை வளையில் தராசைக் கொழுவி நிறுத்தேன். முள் இரண்டு எண்ணூறில் நின்றது. கழிவு போக ஒன்று எண்ணூறு. டொக்டரிடம் சொன்னேன். "நீர் வத்தினபடியாலை குறைஞ்சிருக்கும் ஐயா. குளிசையைக் குறைக்க வேண்டாம். ரெண்டு நானூறைத் தாண்டினா உடனை சொல்லுங்கோ, கூட்டுவம்."

பெப்ரவரி 23

யூலிற்றா போனில் வந்தாள். பேரன் பிறந்திருக்கிறான்! முகம் பார்த்தேன், அப்படியே என் ஐயாவின் மூக்கு. பிறகு அவள் கேட்டாள். "சங்கிலி எங்கை? காட்டுங்கோவன்."

கதிரைக்குக் கீழேதான் கிடந்தான். வயிற்றில் ஊசிக்காக மயிர் வழித்த இடம் தெரியும். "வெளியிலை திரியிறான்" என்றேன்.

பூனை விஷயத்தில் அவளுக்குப் பொய் சொல்வது எனக்கு இது முதல் தரமில்லை.

எங்கள் பழைய பூனை மணியனை நினைத்துக்கொண்டிருந்தேன். சண்டையால் கரண்ட் இல்லாத காலம், பற்றரியும் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி நான் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். யூலிற்றா யாம்போத்தல் விளக்கை வைத்து மீன் கழுவிக்கொண்டிருப்பாள். மணியன் சுற்றும் சில்லைக் கையால் தட்டித் தட்டி விளையாடுவான். அவன் தட்டும்போதெல்லாம் பாட்டு இழுபடும். "பாட்டுக்காரருக்குத் தடிமன் பிடிச்சிட்டுது" என்று யூலிற்றா சிரிப்பாள். இப்போது வீட்டில் கரண்ட் இருக்கிறது, பெரிய ரீவி இருக்கிறது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம்.

மார்ச் 8, சனி

அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டான். கூடையோடு மூன்று முந்நூறு. கழிவு போக இரண்டு முந்நூறு.

மார்ச் 15, சனி

இரண்டு நானூறு. தொட்டிருக்கிறது, தாண்டவில்லை. நல்லாய்ச் சாப்பிடுகிறானே, ஏன் இவ்வளவு மெதுவாக ஏறுகிறது? கையில் தூக்கினால் பாரமாகத்தான் இருக்கிறான். எனக்கு வயதாகிவிட்டது போல.

மார்ச் 19. நாற்பதாம் நாள்

சாப்பிடவில்லை. காது கொதிக்கிறது. ஐயோ. ஒரு நாளும் விடேல்லையே. மணி அடிக்க ஒரு நிமிசம் பிந்தேல்லையே. என்ன பிழை விட்டனான்?

மார்ச் 21

திரும்பவும் வவுனியா. டொக்டர் தன்னுடைய தராசில் வைத்தார். மூன்று கிலோ. கொப்பியைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எப்பிடி நிறுத்தனீங்கள் ஐயா?"

"மீன் நிறுக்கிற மாதிரித்தான். கூடைக்கை வைச்சு, வாற பாரத்திலை கூடைக்கும் தண்ணிக்கும் ஒரு கிலோ கழிச்சு..."

சொல்லி முடிக்க முன்னமே எனக்கு விளங்கிவிட்டது.

வெறுங்கூடை நானூறு கிராம். மிச்சம் அறுநூறும் மீனோடு வரும் தண்ணீருக்கு. வாடியில் ஒவ்வொரு கூடைக்கும் கை தானாகக் கழிக்கும். யோசித்துச் செய்வதில்லை. சங்கிலியில் தண்ணீர் எங்கே இருந்தது? ஐந்து கிழமையாக அவனுக்கு அறுநூறு கிராம் இல்லாமல் செய்திருக்கிறேன். அவன் வளர்ந்தான், குளிசை வளரவில்லை.

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "அளவைக் கூட்டித் திரும்ப முதல்லை இருந்து தொடங்குவம். ஆனா திரும்பி வந்தது முந்தின மாதிரிக் கேக்கும் எண்டு உறுதியாச் சொல்லேலாது" என்றார்.

தொழில் தெரிந்தவனாம். நெஞ்சை நிமிர்த்தினவனாம்.

மார்ச் 22, சனி. மறுபடியும் முதலாம் நாள்

குளிசை பெரியது. செபமும் நீட்டிச் சொன்னேன்.

மார்ச் 24

வாடியில் நிஷாந்தனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அண்ணை, பூனைக்குமே கழிவு போட்டனீங்கள்!" என்று அவன் கத்த, வாடி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அவனுடைய கூடை தராசுக்கு வந்தது. மீன் அவ்வளவு ஈரமில்லை. என் கை கழிக்கப் போனது, நின்றது. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், சிரிக்காமல்.

மார்ச் 25

சங்கிலி கதிரைக்குக் கீழே, சுவரைப் பார்த்தபடி. எழுதித் தொலைக்கிறேன். யாருக்கும் சொன்னதில்லை.

2009 ஜனவரி. சண்டை கிட்ட வந்து ஊரே இடம்பெயர்கிறது. உழவு இயந்திரம் படலையில் உறுமிக்கொண்டு நிற்கிறது. அதன் பின்பெட்டிக்குள் யூலிற்றா, நிறஞ்சனா, அயல் சனம், பாய், சட்டி. "மணியனைத் தூக்கிக்கொண்டு வாங்கோ" என்று யூலிற்றா கத்துகிறாள். நான் உள்ளே ஓடினேன். தராசு ஆணியில் தொங்கியது. மணியன் குசினி மதிலில் இருந்தான். என்னைப் பார்த்தான். ஒளிக்கவில்லை, ஓடவில்லை. கூப்பிட்டால் வந்திருப்பான். பெட்டிக்குள் ஒன்றுக்குத்தான் இடம். போகிற இடத்தில் தொழில் செய்து சோறு தின்ன வேண்டுமே என்று நினைத்தேன். தராசைக் கழற்றிக்கொண்டு வந்து ஏறினேன்.

"தேடினனான், காணேல்லை" என்றேன்.

தராசைக் கடைசியில் மாத்தளன் மணலுக்குள் விட்டுவிட்டுத்தான் வந்தோம். ஒரு மீனும் நிறுக்கவில்லை. இப்போது தொங்குவது பிறகு வாங்கியது.

ஒவ்வொரு யூன் பதின்மூன்றிலும் யூலிற்றா அந்தோணியாருக்கு ஒரு மெழுகுதிரியைக் கூடுதலாகக் கொளுத்துவாள். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். யாருக்கென்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லை.

இன்னொரு பூனையையும் "காணேல்லை" என்று அவளுக்குச் சொல்ல என்னால் முடியாது. முடியாது.

மார்ச் 28

காய்ச்சல் இறங்கவில்லை. மணி அடிக்க முன்னமே மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

மார்ச் 31

காது குளிர்ந்திருக்கிறது. நாலு தரம் தொட்டுப் பார்த்தேன். நாலு தரமும் குளிர்தான்.

ஏப்ரல் 5, சனி

கூடையோடு மூன்று நானூறு. கூடை நானூறு. சங்கிலி மூன்று கிலோ. பென்சிலால் குசினிச் சுவரில் எழுதி வைத்தேன்: கூடை நானூறு, வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

பூசை முடிந்து வந்து யூலிற்றாவுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வருத்தம், குளிசை, கழிவு. சங்கிலியைக் கையில் தூக்கிக் காட்டினேன். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன்.

"தனியவே பஸ்ஸிலை கொண்டு போனனீங்கள்?" என்றாள். பிறகு, "உங்கட கையெல்லாம் கீறல்" என்றாள்.

மணியனைப் பற்றிச் சொல்லவில்லை. போனில் சொல்கிற கதையா அது?

மே 10, சனி

மூன்று எழுநூறு. நிஷாந்தன் மகளைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தான். வாடியில் இப்போது வெறுங்கூடையையும் முதலில் நிறுக்கிறேன். நேரம் பிடிக்கிறது என்று மீன் வாங்கும் முதலாளிமார் பல்லைக் கடிக்கிறார்கள். கடிக்கட்டும்.

யூன் 10

யூலிற்றா வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். சங்கிலி அவளுடைய சூட்கேஸை மணந்து, அதற்கு மேலேயே ஏறிப் படுத்துவிட்டான். அவள் அவனைத் தூக்கி வயிற்றில் மயிர் முளைத்த இடத்தைத் தேடினாள். கண்டுபிடிக்க முடியவில்லை.

யூன் 13, வெள்ளி. எண்பத்துநாலாம் நாள்

அந்தோணியார் திருநாள். கொடி, சோடினை, சனம். மணி அடித்ததும் கடைசிக் குளிசையைக் கொடுத்தேன். யூலிற்றா தொண்டையைத் தடவினாள். பாட்டுப் படித்தாள், அதே பாட்டு. இன்னும் மூன்று மாதம் கவனமாகப் பார்க்க வேண்டும், அதுவரை வராவிட்டால் பிழைத்துவிட்டான் என்று டொக்டர் காலையில் போனில் சொல்லியிருந்தார்.

கோயிலுக்குப் போக வெளிக்கிட்டவள் மெழுகுதிரிக் கட்டைக் கையில் எடுத்தாள். இனியும் பொறுக்க முடியவில்லை.

"யூலிற்றா, மணியனை நான் தேடேல்லை. மதில்லை இருந்தவன். தராசைத் தூக்கிக்கொண்டு வந்தனான்."

அவள் மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும்" என்றாள். "பெட்டிக்குள்ளை இருந்து பாத்தா அந்த மதில் தெரியும். நானும் கண்டனான்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"நீங்கள் தராசோட வாறதையும் கண்டனான். இறங்கிப் போய்த் தூக்கியிருக்கலாம். நானும் இறங்கேல்லை. காணேல்லை எண்டு நீங்கள் சொன்னது எனக்கு நல்லாப் போச்சு." திரிகளை எண்ணி முடித்து, "தேடித் தாரும் எண்டு நான் கேட்டதில்லை இஞ்சேருங்கோ. மன்னிக்கச் சொல்லித்தான் திரி கொளுத்தினனான். எங்கள் ரெண்டு பேரையும்" என்றாள்.

பதினாறு வருடம். ஒரே குசினியில் இருந்து சாப்பிட்டிருக்கிறோம்.

கோயிலுக்குச் சேர்ந்து போனோம். ஒரு திரியை அவள் கொளுத்தினாள், ஒன்றை நான்.

யூன் 14, சனி

கூடையை நான் பிடிக்க, சங்கிலியை யூலிற்றா உள்ளே இறக்கினாள். முள்ளை அவள்தான் வாசித்தாள். நாலு நானூறு. சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்தாள், யாம்போத்தல் விளக்குக் காலத்துச் சிரிப்பு.

சங்கிலி நாலு கிலோ.