சைபர் விட்டுப்போன டோக்கன்

மார்ச் 2
பழைய பாலம் இடிந்து பாதி ஊர் படகில் வேலைக்குப் போன வருஷம். எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்ததும் அப்போதுதான். அந்த வருஷம் சிமெண்ட் ஓடு ஆலையில் சேர்ந்தேன். எழுதப் படிக்கத் தெரியாது. டோக்கன் பார்த்துப் பார்த்து இலக்கம் மட்டும் தெரியும். இதைக்கூடப் போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது.

ஆலையை மூடி எத்தனையோ காலம். தூசு தின்றவர்களுக்கு ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுக்கப் போகிறார்கள். பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் என் தலைதான்.

மார்ச் 5
மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் பதிவு வேலை, பைத்தான் என்று ஒரு கம்ப்யூட்டர் பாஷையும் படிக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அதில் அடித்தாள். நூற்றுப் பன்னிரண்டு பேர். மேற்கோள் குறிக்குள் போட்டால் அது எழுத்தாம், குறி இல்லாவிட்டால் எண்ணாம். உயிரோடு இருந்தால் ட்ரூ, இல்லாவிட்டால் ஃபால்ஸ்.

"தெரியலைன்னா?" என்றேன்.

"அதுக்கு 'நன்'னு ஒரு வார்த்தை இருக்கு மாமா, ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி போடக்கூடாது."

மனுஷனுக்கு இந்தப் புத்தி இல்லையே.

மார்ச் 6
பட்டியல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

மார்ச் 14
சீட்டி போன் செய்தான். ஆலையில் பழைய கொட்டகைக்காரன். வேலை நேரமெல்லாம் சீட்டி அடிப்பான். இப்போது மூச்சே சீட்டி அடிக்கிறது. படம் எடுக்கக் கூப்பிடும் கடிதம் வரவில்லை என்று ஆஸ்பத்திரிக்குக் கேட்கப் போயிருக்கிறான்.

"ஏழாம் நம்பர் செத்துட்டாராம்டா. நீதான் சொன்னியாமே. எழவு வீட்டுக்காவது வந்திருக்கலாம்ல?"

சிரித்தான். இருமல் நிற்கவில்லை. படம் எடுக்கத் தொடங்கி ஆறு நாள் ஆகிவிட்டது, முடிய இன்னும் இரண்டு நாள்தான்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. என் நாக்கா புரண்டது? சாயங்காலம் மருமகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன். தொண்ணூற்றிரண்டோடு முடிந்தது. பழைய கொட்டகை இருபது பேரையும் காணோம்.

ஆலையில் இரண்டு கொட்டகை. பழையதின் டோக்கன் சைபரில் தொடங்கும், புதியதற்குச் சைபர் கிடையாது. சீட்டி சைபர் ஏழு. செத்துப்போன மொட்டை வெறும் ஏழு. இவள் டோக்கனை எண்ணாக மாற்றிப் போட்டிருக்கிறாள். எண்ணென்றால் முன்னால் நிற்கும் சைபரைக் கம்ப்யூட்டர் தள்ளிவிடுமாம். ஒரு எண்ணுக்கு ஒரு ஆள்தானாம். பின்னால் வந்த மொட்டை சீட்டியின் இடத்தில் உட்கார்ந்துவிட்டான்.

ஆள் குறைவது அன்றைக்கே தெரிந்ததாம் அவளுக்கு. வயசானவர் எண்ணிக்கையில் தவறியிருப்பார் என்று விட்டுவிட்டாளாம். சொல்லிவிட்டு அழுதாள். கோபம் வந்தது. ஆனால் அதை மறைக்காமல் சொன்னாளே.

"முன்னாடி நிக்கிற சைபருக்கு மதிப்பில்லைன்னுதானே பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கறாங்க. நீ என்ன பண்ணுவே? டோக்கனுக்குக் குறியைப் போடும்மா."

போட்டாள். நூற்றுப் பன்னிரண்டு.

மார்ச் 16
திருத்திய பட்டியலை அவளே டாக்டரிடம் கொண்டு போனாள். பழைய கொட்டகையில் உயிரோடு இருப்பது சீட்டி, மேஸ்திரி, இரண்டே பேர். இருவருக்கும் படம் எடுத்தார்கள். மேஸ்திரிக்கும் கடிதம் வந்திருக்கவில்லை. அவர் வாய் திறந்து கேட்கவில்லை. எதையும் கேட்கிற ஆள் இல்லை அவர்.

மார்ச் 29
சீட்டிக்கு மருந்தில் அடங்குமாம். மேஸ்திரிக்கு நுரையீரல் இரண்டு பக்கமும் போய்விட்டது. அந்த எட்டு நாளாலா என்று மருமகள் டாக்டரைக் கேட்டிருக்கிறாள். எட்டு நாள் இல்லை, எட்டு வருஷம் முன்னால் பார்த்திருக்க வேண்டும் என்றாராம். ஆனாலும் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

மே 11
விடியற்காலையில் மேஸ்திரி போய்விட்டார். பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு மருமகள் சும்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். "ஃபால்ஸ் போடும்மா" என்றேன். போட்டாள்.

சீட்டிக்குப் போன் செய்து சொல்லத் தோன்றவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேரில் போகிறேன். பழைய கொட்டகையில் இனி சீட்டி ஒருவன்தான்.